ஸ்க்ரூ ஆடுகிறதா, எலும்பு கூடிவிட்டதா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 63. சர்க்கரை நோய் உண்டு. இடுப்புப் பகுதியில் முதுகெலும்பு முன்பக்கம் நகர்ந்து நரம்பை அழுத்துகிறது என்று சொல்லி, எட்டு மாதங்களுக்கு முன் மதுரையில் ஆபரேஷன் செய்தார்கள். எல்-4, எல்-5, எஸ்-1 ஆகிய எலும்புகளில் ஆறு டைட்டானியம் ஸ்க்ரூ, இரண்டு கம்பி, ஜவ்வு இருந்த இடத்தில் கேஜ் வைத்திருக்கிறார்கள். காலில் இருந்த குடைச்சலும் மரமரப்பும் ஆபரேஷனுக்குப் பிறகு நின்றுவிட்டன. அம்மா கோயிலுக்கு நடந்தே போய்வரும் அளவுக்குத் தேறினார். இப்போது ஒரு மாதமாக, உட்கார்ந்து எழும்போதும் படுக்கையில் புரளும்போதும் இடுப்பில் வலி என்கிறார். எக்ஸ்-ரே பார்த்த டாக்டர், கீழே உள்ள ஒரு ஸ்க்ரூவைச் சுற்றிக் கறுப்புக் கோடு தெரிகிறது, சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்றார். என் மாமாவோ எம்.ஆர்.ஐ.தான் பெரிய ஸ்கேன், அதையே எடுத்துவிடலாம் என்கிறார். அம்மாவுக்கு அந்த மெஷினின் காந்தம் ஸ்க்ரூவைப் பிடுங்கிவிடும் என்று பயம். ஒவ்வொரு முறை போகும்போதும் எக்ஸ்-ரே எடுக்கிறார்களே, இவ்வளவு கதிர்வீச்சு உடம்புக்கு ஆகுமா? ஸ்க்ரூ கழன்றிருந்தால் மறுபடியும் ஆபரேஷன்தானா?

- ஒரு வாசகி, சிவகாசி

பதில்: டாக்டர் கேட்டிருக்கும் சி.டி. ஸ்கேன் சரியானதுதான், எடுங்கள். ஆனால் அதற்கு முன்பே, காசு செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது. ஆபரேஷன் முடிந்து அம்மாவை நிற்கவைத்து எடுத்த முதல் எக்ஸ்-ரே தொடங்கி, கடைசியாக எடுத்தது வரை எல்லாப் படங்களையும் தேடி எடுத்து, தேதி வாரியாக அடுக்கி, டாக்டரிடம் ஒரே நேரத்தில் கொடுங்கள். ஸ்க்ரூவைச் சுற்றித் தெரியும் கோட்டுக்கு அர்த்தம் ஒரு படத்தில் இருப்பதைவிட, இரண்டு படங்களுக்கு இடையே நடந்த மாற்றத்தில்தான் அதிகம் இருக்கிறது. மூன்றாவது மாதப் படத்திலேயே அந்தக் கோடு இருந்து, இன்றைக்கும் அதே அகலத்தில் இருக்கிறதென்றால் அது ஒரு கதை. மூன்றாவது மாதத்தில் இல்லாமல் ஆறாவது மாதத்தில் தோன்றி, எட்டாவது மாதத்தில் அகன்றிருந்தால் அது முற்றிலும் வேறு கதை.

முதலில், இந்த ஸ்க்ரூக்களும் கம்பிகளும் எதற்காக இருக்கின்றன என்பது தெளிவாக வேண்டும். முதுகெலும்பைக் காலம் முழுக்கத் தாங்குவதற்காக அவற்றை வைப்பதில்லை. நகர்ந்த எலும்புகளை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தால், இடையில் வைத்த எலும்புத் துண்டுகள் மெல்ல மெல்ல ஒன்றுகூடி, எல்-4 முதல் எஸ்-1 வரை ஒரே எலும்பாகிவிடும். அதற்கு ஆறு மாதத்திலிருந்து ஓராண்டு, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அதுவரைக்கும் உலோகம் தாங்க வேண்டும். அதன் பிறகு பாரம் எலும்பின் மேல் போய்விடும்.

இதை உலகம் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பால் ஹாரிங்டன் என்ற டாக்டர், இளம்பிள்ளை வாதத்தால் முதுகு வளைந்துபோன குழந்தைகளுக்கு எஃகுக் கம்பி வைத்து நிமிர்த்தினார். தொடக்கத்தில் எலும்பைக் கூடவைக்காமல் கம்பியை மட்டும் நம்பியபோது, கம்பி உடைந்தது, கொக்கி நழுவியது. எலும்பும் கூட வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்த பிறகுதான் அந்த முறை நிலைத்தது. 1962-இல் அதை விரிவாக வெளியிட்டார். பிரான்ஸில் ரேமோன் ருவா-காமீ 1963-இல் முதுகெலும்பின் பின்பக்கத் தூண் வழியாக ஸ்க்ரூ முடுக்கும் முறையைத் தொடங்கினார்; உங்கள் அம்மாவுக்குப் போட்டிருப்பது அதன் வழிவந்ததுதான். உலோகம் எவ்வளவோ மேம்பட்டுவிட்டது, ஆனால் அடிப்படை மாறவில்லை. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் பட்டென்று முறிகிறதே, அதேபோல் எலும்பு கூடாத இடத்தில் ஒவ்வொரு அடி நடக்கும்போதும் உலோகம் கொஞ்சம் கொஞ்சமாகக் களைக்கிறது. டைட்டானியமும் இதற்கு விலக்கில்லை. ஒன்று உலோகம் உடையும், இல்லையென்றால் அது பிடித்திருக்கும் எலும்பு இளகும். அதனால் ஆபரேஷனுக்குப் பிறகு எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் நாங்கள் தேடுவது இரண்டு விஷயங்களை: உலோகம் வைத்த இடத்தில் இருக்கிறதா, எலும்பு கூடிக்கொண்டிருக்கிறதா. பல குடும்பங்கள் முதல் கேள்வியோடு நின்றுவிடுகின்றன. படத்தில் ஸ்க்ரூ வெள்ளையாகப் பளிச்சென்று தெரிவதால் கண் அங்கேயே போகிறது. என்னைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

இப்போது அந்தக் கறுப்புக் கோட்டுக்கு வருவோம். இறுகப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவைச் சுற்றி எலும்பு நெருக்கமாக ஒட்டியிருக்கும், இடைவெளி தெரியாது. ஸ்க்ரூ கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஆடத் தொடங்கினால், சுற்றியுள்ள எலும்பு கரைந்து, அந்த இடம் எக்ஸ்-ரேயில் கறுப்பு வளையமாகத் தெரியும். வளையத்தின் வெளி ஓரத்தில் மெல்லிய வெள்ளை விளிம்பும் சேர்ந்து தெரிந்தால், ஆட்டம் சில காலமாகவே இருக்கிறது, உடம்பு அதைச் சுற்றிக் கெட்டி எலும்பை உருவாக்கியிருக்கிறது என்று பொருள். பொதுவாக ஒரு மில்லிமீட்டருக்கு மேல் அகலம் இருந்தால் ஸ்க்ரூ இளகியிருக்கலாம் என்று எடுத்துக்கொள்கிறோம். எஸ்-1 ஸ்க்ரூதான் இப்படி இளகுவதில் முன்னால் நிற்பது. முதுகெலும்பின் அடியில் உள்ள அந்த எலும்பு உள்ளே பஞ்சுபோல் மென்மையானது, ஸ்க்ரூ போகும் பாதை அகலமானது, மேலே உள்ள உடலின் பாரமோ அங்கேதான் வந்து இறங்குகிறது. ஆகவே கீழ் ஸ்க்ரூவில் கோடு தெரிகிறது என்று டாக்டர் சொன்னதில் எனக்கு வியப்பில்லை.

வளையம் தெரிந்த எல்லாருக்கும் வலி இருப்பதில்லை. வலி இருக்கும் எல்லாருக்கும் வளையம் தெரிவதுமில்லை. உங்கள் அம்மா விஷயத்தில் எனக்குக் கவலை தருவது அந்த வலியின் தன்மை. ஓய்வில் இல்லாமல், எழும்போதும் புரளும்போதும் பிடிக்கிறது என்கிறீர்கள். அசையக் கூடாத இடம் அசைகிறது என்பதற்கு அது ஒத்துப்போகிறது. நன்றாக இருந்துவிட்டுப் புதிதாக வந்த வலி என்பதும் கவனிக்க வேண்டியது. அதனால்தான் ஸ்கேன் எடுங்கள் என்கிறேன்.

எக்ஸ்-ரே எடுக்கும்போது ஒன்றை வற்புறுத்திக் கேளுங்கள்: நிற்கவைத்து எடுக்க வேண்டும். படுத்திருக்கும்போது முதுகின் மேல் பாரம் இல்லை. நகர்ந்த எலும்பு தானாகவே சற்று உள்ளே போய், எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோல் தெரியும். ஒருமுறை நின்றும் மறுமுறை படுத்தும் எடுத்த படங்களை ஒப்பிட்டால் ஒப்பீடே பொய்யாகிவிடும். முடிந்தால் ஒரே சென்டரில், ஒரே மாதிரி எடுப்பது நல்லது. அடுத்து, முன்னால் குனிந்து ஒன்று, பின்னால் சாய்ந்து ஒன்று என்று இரண்டு பக்கவாட்டுப் படங்கள் கேட்பார்கள். அந்த இரண்டுக்கும் இடையே எலும்புகளின் கோணம் 5 டிகிரிக்கும் குறைவாக, நகர்வு 3 மில்லிமீட்டருக்கும் குறைவாக மாறினால் கூடியிருக்கலாம் என்பது அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஆய்வுகளில் கையாளப்படும் அளவு. ஆனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது. கனத்த டைட்டானியம் கம்பிகள் எலும்பு கூடாமலேயே அசைவைத் தடுத்து வைத்திருக்கும். வலிக்குப் பயந்து நோயாளி சரியாகக் குனியாவிட்டாலும் அசைவு தெரியாது. அசைவு தெரிந்தால் நம்பலாம். தெரியாவிட்டால் மேலே தேட வேண்டும்.

அப்படித் தேடுவதற்குத்தான் சி.டி. ஸ்கேன். எலும்பைப் பார்ப்பதில் அதற்கு இணை இல்லை. கேஜின் உள்ளேயும் ஓரங்களிலும் மேல் எலும்பிலிருந்து கீழ் எலும்புக்கு அறுபடாத எலும்புப் பாலம் ஓடுகிறதா, கேஜ் எலும்புக்குள் புதைந்து இறங்கியிருக்கிறதா, பின்னால் நரம்புப் பக்கம் நகர்ந்திருக்கிறதா, ஸ்க்ரூவைச் சுற்றிய வளையம் எவ்வளவு ஆழம் போகிறது, எக்ஸ்-ரேயில் மறைந்துபோன மயிரிழை முறிவு ஸ்க்ரூவில் உண்டா என்று மில்லிமீட்டர் கணக்கில் பார்த்துவிடலாம். உலோகம் கதிர்களை மறிப்பதால் படத்தில் வெள்ளையும் கறுப்புமாகக் கீற்றுகள் விழும். அந்தக் கீற்றே சிலசமயம் வளையம்போல் ஏமாற்றும். எஃகையும் கோபால்ட்-குரோமையும்விட டைட்டானியத்தில் கீற்று குறைவு. அதையும் குறைக்கும் வழிகள் மெஷினில் இருக்கின்றன. கதிரின் மின்னழுத்தத்தைக் கூட்டலாம், உலோகக் கீற்றை நீக்கும் மென்பொருளை ஓட்டலாம், இரண்டு வேறு சக்தி அளவுகளில் எடுத்துச் சேர்க்கும் வசதியும் சில மெஷின்களில் உண்டு. ஆனால் ஸ்க்ரூ இருக்கிறது என்பது முன்கூட்டியே தெரிந்தால்தான் டெக்னீஷியன் அவற்றைச் செய்வார். அதனால் போனதும், “முதுகில் ஸ்க்ரூ இருக்கிறது, ஆபரேஷன் செய்த இடத்தை மட்டும், மெல்லிய சீவல்களாக எடுக்க வேண்டும்” என்று சொல்லிவிடுங்கள்.

எட்டாவது மாதத்தில் எடுக்கும் சி.டி. ஸ்கேனில் எலும்பு முழுவதும் கூடவில்லை என்று ரிப்போர்ட் வந்தால் இடிந்துபோக வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு எலும்பு மெதுவாகத்தான் கூடும். பாதிப் பாலம் தெரிந்து, வளையம் சிறிதாக இருந்தால் இன்னும் சில மாதம் காத்திருந்து பார்க்கலாம். ஓராண்டு கடந்தும் பாலம் இல்லை, வளையம் அகன்றுகொண்டே போகிறது, வலியும் ஏறுகிறது என்றால்தான் எலும்பு கூடவில்லை என்று முடிவுக்கு வருவோம்.

உங்கள் மாமாவுக்குச் சொல்லுங்கள்: எம்.ஆர்.ஐ. பெரிய ஸ்கேன், சி.டி. சின்ன ஸ்கேன் என்று எதுவும் கிடையாது. எம்.ஆர்.ஐ. நரம்பையும் ஜவ்வையும் சதையையும் நீர்க்கோப்பையும் காட்டும். ஸ்க்ரூ எலும்பில் இறுகியிருக்கிறதா என்று கேட்டால், அதன் பதில் சி.டி. அளவுக்குத் தெளிவாக இருக்காது. உலோகத்தைச் சுற்றிக் காந்தப்புலம் குலைந்து, நாம் பார்க்க நினைக்கும் அந்த இடமே கறுப்பாக மறைந்துபோகும். கால் வலி திரும்பி வந்தாலோ, கால் மரத்தாலோ, பலம் குறைந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ நானே முதலில் எம்.ஆர்.ஐ. கேட்பேன். அம்மாவுக்கு இப்போது இருப்பது இடுப்பு வலி மட்டும் என்பதால் இன்றைக்கு அது வரிசையில் பின்னால்தான் நிற்கிறது.

அம்மாவின் பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இரும்பைப்போல் காந்தத்தால் இழுபடும் உலோகம் அல்ல டைட்டானியம். முதுகு ஸ்க்ரூ உள்ள ஏராளமானவர்கள் தினமும் எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொள்கிறார்கள், ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டு வராது. ஆனாலும் உடம்பில் என்ன உலோகம் இருக்கிறது என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டியது கட்டாயம். பேஸ்மேக்கர், காதுக்குள் வைக்கும் காக்ளியர் கருவி, மூளை ரத்தக்குழாயில் போடப்பட்ட பழைய கிளிப் போன்றவை இருந்தால் கதை வேறு. எப்போதாவது எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால், உலோகக் குறுக்கீட்டைக் குறைக்கும் முறையில் எடுக்கும் வசதி உள்ள இடத்தைத் தேர்ந்தெடுங்கள். காந்த பலம் கூடிய 3 டெஸ்லா மெஷின்தான் உயர்ந்தது என்று விளம்பரம் பார்த்து அங்கே ஓட வேண்டாம். ஸ்க்ரூ உள்ள முதுகுக்குப் பெரும்பாலும் 1.5 டெஸ்லாவில் குறுக்கீடு குறைந்து படம் தெளிவாக வரும்.

ஸ்க்ரூ இளகுவதற்கு, அதிகம் பேசப்படாத இன்னொரு காரணமும் உண்டு: மெதுவாக உள்ளேயே இருக்கும் கிருமித் தொற்று. காயம் அழகாக ஆறி, காய்ச்சலும் இல்லாமல், மாதங்கள் கழித்து ஸ்க்ரூவைச் சுற்றி எலும்பை அரிக்கும் கிருமிகள் இருக்கின்றன. சர்க்கரை உள்ளவர் என்பதால், ஸ்கேனோடு சேர்த்து இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனைகளையும் செய்யச் சொல்வேன். ஆபரேஷன் முடிந்த முதல் வாரங்களில் இவை இயல்பாகவே ஏறியிருக்கும். எட்டு மாதம் கழித்து ஏறியிருந்தால் காரணம் தேட வேண்டும். சரியாக இருந்தால் ஓரளவு நிம்மதி, முழு நிம்மதி இல்லை; மந்தமான தொற்றில் அவை ஏறாமலும் இருக்கும். யாராவது எலும்பு ஸ்கேன் எடுக்கச் சொன்னால், ஓராண்டுக்குள் அதற்குப் பெரிய பயன் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். எலும்பு கூடும் வேலை நடந்துகொண்டிருக்கும் இடம் எப்படியும் அதில் ஒளிரும்.

கதிர்வீச்சு பற்றிய பயம் நியாயமானதுதான், ஆனால் அளவோடு இருக்கட்டும். இடுப்புப் பகுதி எக்ஸ்-ரேக்களுக்கு ஒருமுறைக்குத் தோராயமாக 1.5 மில்லிசீவர்ட், சி.டி. ஸ்கேனுக்கு 6 மில்லிசீவர்ட் அளவில் கதிர்வீச்சு சேரும். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் சாப்பாட்டிலிருந்தும் மனிதர் ஒவ்வொருவரும் பெறுவது உலக சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். கன்னியாகுமரி மாவட்டத்தில் மோனசைட் மணல் உள்ள கடற்கரை ஊர்களில் அதைவிடக் கூடுதல். 63 வயதில், வலிக்குக் காரணம் கண்டுபிடிக்க எடுக்கும் ஒரு சி.டி. ஸ்கேனால் வரும் ஆபத்து மிகச் சிறியது. இளகிய ஸ்க்ரூவைக் கவனிக்காமல் விடுவது அதைவிடப் பெரிய ஆபத்து.

சிறுவர் சிறுமியர் விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன். முதுகு வளைவுக்காகச் சிறுவயதில் திரும்பத் திரும்ப எக்ஸ்-ரே எடுக்கப்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2000-இல் வெளிவந்தது. அவர்களிடையே மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தார்கள். அவர்கள் பட்டது பழைய கால மெஷின்களின் கனமான கதிர்வீச்சு. இன்றைக்கு அளவு வெகுவாகக் குறைந்துவிட்டது. கதிர் மார்புப் பக்கத்திலிருந்து நுழையாமல் முதுகுப் பக்கத்திலிருந்து நுழையும்படி நிற்கவைத்து எடுக்கிறார்கள். 1992-இல் இயற்பியல் நோபல் பெற்ற ஜார்ஜ் ஷார்பாக் உருவாக்கிய துகள் உணர்கருவியின் வழியில் வந்த இ.ஓ.எஸ். என்ற மெஷின், தலை முதல் கால் வரை நின்ற நிலையில் மிகக் குறைந்த கதிர்வீச்சில் படம் எடுக்கிறது. வளரும் பிள்ளைக்குக் கம்பி வைத்திருக்கும் பெற்றோர், ஒவ்வொரு படமும் எதற்கு என்று டாக்டரிடம் தயங்காமல் கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவில்லை.

வயது வந்தவர்களுக்கும் போகும்போதெல்லாம் எக்ஸ்-ரே தேவையில்லை. ஆபரேஷன் முடிந்து நடக்கத் தொடங்கியதும் ஒன்று, ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், ஆறாவது மாதம், ஓராண்டு என்பது பலரும் பின்பற்றும் கணக்கு. எலும்பு கூடியது உறுதியாகிவிட்டால், புதிய வலி வந்தால்தான் மறுபடியும் படம். அப்போது ஸ்க்ரூவை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடக் கூடாது. மூன்று எலும்புகள் ஒன்றானபின், அவற்றின் அசைவையும் சேர்த்துச் சுமப்பது மேலே உள்ள எல்-3, எல்-4 மூட்டுதான். சில ஆண்டுகள் கழித்து வரும் வலி பெரும்பாலும் அங்கிருந்து கிளம்பும்.

மறு ஆபரேஷனைப் பற்றிக் கேட்டீர்கள். ஸ்க்ரூ ஒன்று இளகியிருந்தும் எலும்பு கூடிவிட்டிருந்தால், பெரும்பாலும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அதன் வேலை முடிந்துவிட்டது. எலும்பும் கூடாமல், ஸ்க்ரூவும் ஆடி, வலியும் வாழ்க்கையை முடக்கினால்தான் மறுபடியும் திறந்து, பருமனான ஸ்க்ரூ போடுவதோ, எலும்புக்குள் சிமென்ட் ஏற்றி இறுக்குவதோ, பிடிமானத்தை இடுப்பெலும்பு வரை நீட்டுவதோ நடக்கும். அந்த இடத்துக்குப் போகுமுன் செய்ய நிறைய இருக்கிறது. அம்மாவின் எலும்பு அடர்த்தியைப் பார்க்க டெக்ஸா ஸ்கேன் எடுங்கள். ஆனால் இடுப்பு மூட்டில் எடுக்கச் சொல்லுங்கள்; முதுகில் எடுத்தால் உலோகத்தையும் எலும்பாகக் கணக்கிட்டு, எலும்பு வலுவாக இருப்பதுபோல் பொய்யான எண் வரும். வைட்டமின் டி பாருங்கள், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். எலும்பு அடர்த்தி குறைந்திருந்தால் அதற்கான மருந்தை இப்போதே தொடங்கலாம். ஸ்கேனுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் வீடுகளில்கூட இந்த நான்கும் விட்டுப்போகின்றன என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம்.

படங்களைப் பாதுகாப்பது பற்றியும் சொல்ல வேண்டும். எக்ஸ்-ரே ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, செல்போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். ஒரு மில்லிமீட்டர் வளையம் அதில் தெரியவே தெரியாது. ஸ்கேன் சென்டரில் குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோ அசல் டிஜிட்டல் படத்தைக் கேட்டு வாங்குங்கள். தொலைந்த படங்களை, ஆபரேஷன் செய்த மருத்துவமனையிலும் எக்ஸ்-ரே எடுத்த இடத்திலும் கணினியில் சேமித்து வைத்திருப்பார்கள், தேதியைச் சொல்லிக் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஆபரேஷன் குறிப்பையும், ஸ்க்ரூ வந்த பெட்டியின் லேபிள் நகலையும் வாங்கி வையுங்கள். எந்த கம்பெனி, எந்த அளவு, எந்த உலோகம் என்பது அதில் இருக்கும். நாளைக்கு வேறு ஊரில் வேறு டாக்டர் ஒரு ஸ்க்ரூவை மாற்ற வேண்டி வந்தால், எந்தத் திருப்புளி பொருந்தும் என்பதுகூட அந்த லேபிளைப் பார்த்துத்தான் தெரியும்.

ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு. அம்மாவுக்குச் சிறுநீர் வராமல் அடைத்தாலோ, தெரியாமல் போனாலோ, மலத்தில் கட்டுப்பாடு தவறினாலோ, உட்காரும் இடமும் தொடை நடுவும் மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கினாலோ, குளிர் காய்ச்சலோடு முதுகு வலி வந்தாலோ, காயத்தில் நீர் கசிந்தாலோ, அன்றைக்கே, இரவானாலும், ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கோ அருகில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கோ அழைத்துச் செல்லுங்கள்.